குடல் டொக்டரிடம் முதல் தடவை போகுமுன்

க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டும் குடலில் நீண்டகாலம் அழற்சி இருக்கும் நோய்கள்; இரண்டையும் சேர்த்துத்தான் ஐ.பி.டி. என்கிறார்கள். அதற்கு மேல் இங்கே விளக்கப்போவதில்லை. குடல் டொக்டரிடம் காட்டச் சொல்லி உங்களுக்குத் துண்டு கிடைத்து, கிளினிக் திகதியும் போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கொப்பி. நான் சறுக்கியது இங்கேதான். களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறும்போது எல்லாம் மனதில் இருந்தது. டொக்டர் கேட்டார்: "இரவில நித்திரையால எழும்பி வெளிக்குப் போறீங்களா?"

"சில நாளைக்கு."

"கிழமைக்கு எத்தனை நாள்?"

வாயடைத்துப்போனேன். பக்கத்தில் அம்மா வேறு. இரத்தம் போவதை அவவுக்கு முன்னால் சொல்லக் கூச்சம். ஆனால் அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. அழற்சி இல்லாத குடல் கோளாறு பெரும்பாலும் நித்திரையைக் குழப்பாது; அழற்சி என்றால் எழுப்பிவிடும்.

ஆகவே இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள், நாளுக்கு ஒரு வரி போதும். என்னுடையது ஒன்று: "செவ்வாய். பகல் 5, இரவு 2. சளி, கொஞ்சம் இரத்தம். நிறை 51." போன் செயலி வேண்டவே வேண்டாம். 40 பக்கக் கொப்பி என்றால் டொக்டரே வாங்கிப் புரட்டுவார், கூச்சப்படுகிறவர் வாயைத் திறக்கவும் தேவையில்லை.

அப்புறம் மருந்து மட்டைகள். முழங்கால் நோவுக்கு பார்மசியில் வாங்கிப் போட்ட டைக்லோபெனக்கை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த வகை நோக்குளிசை குடல் அழற்சியைக் கிளறிவிடக்கூடும். மூட்டு நோவு, வாய்ப்புண், கண் சிவப்பு இவையும் இதே நோயோடு வரலாம், எழுதுங்கள். நாட்டு மருந்தையும் பையில் போடுங்கள்.

இரத்த, மல ரிப்போர்ட்டுகள் திகதி வரிசையில் ஒரு பைலில். வீட்டில் யாருக்காவது காசநோய் வந்திருந்தால் மறைக்காதீர்கள். குடலில் வரும் காசம் க்ரோன்ஸ் மாதிரியே தோன்றும்.

பின்சேர்ப்பு: வெறும் வயிற்றோடு போகவேண்டுமா என்று காத்தான்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். முதல் நாள் அனேகமாகப் பேச்சும், வயிற்றை அமத்திப் பார்ப்பதும், இரத்தம் எடுப்பதும்தான். குடலுக்குள் கமெராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலொனோஸ்கோபிக்கு வேறு திகதி தருவார்கள், பேதி மருந்து அதற்குத்தான். சாப்பிட வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் பட்டினியாகப் போங்கள். ஆனால் இரத்தம் கூடி, காய்ச்சலும் சேர்ந்தால் கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொப்பியையும் கொண்டுதான்.