சீசன் நடுவில் பள்ளி மாறினால்: டெக்சாஸில் பிள்ளையின் வார்சிட்டி இடத்தைக் காப்பாற்றுவது எப்படி

டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை சீசன் நடுவில் வேறு பள்ளிக்கு மாறினால், அங்கே வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதல்நிலை அணியில், ஆடலாமா என்பதைப் புதுப் பள்ளியின் கோச் முடிவு செய்வதில்லை. பிரின்சிபாலும் செய்வதில்லை. அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்துவது யூஐஎல் (யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக்) என்ற அமைப்பு. தங்களுக்குள் மோதும் பள்ளிகளை அது போட்டி மாவட்டங்களாகப் பிரித்திருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் ஒரு செயற்குழு உண்டு. அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்றால், உங்கள் பிள்ளை யாரை எதிர்த்து ஓடப்போகிறாளோ, அந்தப் பள்ளிகளின் நிர்வாகிகள்தான். பள்ளி மாறுகிறவர்கள் தரும் படிவத்தில் சிக்கல் இல்லையென்றால், குழுத் தலைவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். சந்தேகம் எழுந்தால் குழு கூடி வாக்கெடுக்கும். இதைப் புரிந்துகொண்டால், ஏன் இவ்வளவு காகிதம் கேட்கிறார்கள் என்ற எரிச்சல் பாதி குறைந்துவிடும்.

என் மூத்தவள் க்ராஸ் கன்ட்ரி ஓடியவள், சின்னவன் டென்னிஸ். டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறோம். பள்ளி அணிகளுக்குப் பெற்றோர் உதவும் பூஸ்டர் கிளப்பில் தண்ணீர் பாட்டில் அடுக்கப் போனவள், அப்படியே விதிப் புத்தகத்தையும் படித்துவிட்டேன். அதனால் தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் யாராவது பிடித்துக்கொண்டு, "அக்கா, நாங்க நவம்பர்ல வீடு மாறுறோம், பையன் ஆட முடியுமா?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: வீட்டில் எல்லோரும் மாறுகிறீர்களா, இல்லை சிலர் மட்டுமா?

வீடு மாறியதாக எப்போது ஒத்துக்கொள்வார்கள்

பெற்றோர் எந்தப் பள்ளியின் எல்லைக்குள் குடியிருக்கிறார்களோ, அந்தப் பள்ளியில்தான் பிள்ளைக்கு வார்சிட்டித் தகுதி. பெற்றோர் அங்கே குடியிருக்காமல் பிள்ளை மட்டும் மாறினால், சேர்ந்த நாளிலிருந்து ஒரு முழு ஆண்டு வார்சிட்டி கிடையாது. சீசன் நடுவில் மாறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்பக் கொடுமை. பதினோராம் வகுப்பில் அக்டோபர் கடைசியில் ஒரு பெண் மாறுகிறாள் என்று வையுங்கள். அவளுடைய ஓராண்டு முடிவது பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபர் கடைசியில். க்ராஸ் கன்ட்ரி மாநிலப் போட்டி ரவுண்ட் ராக்கில் நவம்பர் தொடக்கத்தில் நடக்கும். மாவட்டத் தகுதி ஓட்டம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஆக, போனது ஒரு சீசன் இல்லை, இரண்டு.

"குடியிருப்பது" என்பதற்கு யூஐஎல் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. புது எல்லைக்குள் சொந்த வீடோ வாடகை வீடோ இருக்க வேண்டும், அதற்கு ஆவணமும் வேண்டும். லீஸ் நியாயமான காலத்துக்கு இருக்க வேண்டும். மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தைக் கொண்டுபோனால் புருவத்தை உயர்த்துவார்கள். குடும்பம் முழுக்கத் தங்கும் அளவுக்கு வீடு இருக்க வேண்டும். பழைய வீட்டில் உங்கள் சாமான் இருக்கக் கூடாது. மின்சாரம், தண்ணீர் எல்லாம் அங்கே துண்டித்திருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் பெயரிலிருந்து மாறியிருக்க வேண்டும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரும் அதிலும் முகவரியை மாற்றியிருக்க வேண்டும். வாக்காளர் பதிவும் பட்டியலில் இருக்கிறது. ஹெச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு ஆட்கள் இதைப் பார்த்துப் பதற வேண்டாம். பழைய முகவரியில் பதிவு இருந்தவர்கள்தான் அதை மாற்ற வேண்டும்; குடியுரிமை இல்லாத நமக்குப் பதிவே கிடையாது.

நம் வீடுகளில் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். பழைய வீட்டை விற்க மனசு வராது, வாடகைக்கு விடலாம் என்று நினைப்போம். பட்டியலோ பழைய வீடு விற்பனைக்கு வந்திருக்க வேண்டும், அல்லது விற்றிருக்க வேண்டும் என்கிறது. வாடகைக்குத்தான் விடுவது என்றால், அங்கே வேறு குடும்பம் வந்துவிட்டதைக் காட்டும் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்பே புதுப் பள்ளியின் அத்லெடிக் டைரக்டரிடம் பேசிவிடுங்கள்.

இன்னொன்று, அப்பா ஹூஸ்டனில் வேலையோடு நின்றுகொள்வார், அம்மா பிள்ளைகளோடு டல்லாஸ் பக்கம் வருவார். நமக்கு இது சாதாரணம். குழுவுக்கு அப்படி இல்லை. விவாகரத்து ஆகாமல் பெற்றோர் பிரிந்து வாழும்போது ஒருவர் பழைய எல்லைக்குள்ளேயே இருந்தால், பிள்ளையின் வீடும் அதுதான் என்று எடுத்துக்கொள்வது விதி. நீங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை, வேலைக்காகத்தான் என்றாலும், பாதிக் குடும்பம் பழைய வீட்டில் இருக்கிறது என்பது கண்ணில் படத்தான் செய்யும். சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ விட்டுப் படிக்க வைப்பதும் இப்படித்தான். நீதிமன்றம் வழியாகக் கார்டியன் ஆனாலும், அது பதிவாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், பிள்ளையும் அந்த ஓராண்டு அவர்களோடே இருந்திருக்க வேண்டும்.

புது வீடு கட்டி முடியவில்லை என்ற கதையும் இங்கே நிறைய. பில்டர் செப்டம்பர் என்பார், ஜனவரி ஆகும். வீட்டு ஒப்பந்தத்தைக் காட்டினாலே சில பள்ளி மாவட்டங்கள், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும். வகுப்பில் உட்காரலாம். ஆனால் சேர்க்கை வேறு, வார்சிட்டித் தகுதி வேறு. வீட்டுக்குள் சாமான் இறங்கும்வரை பழைய பள்ளியிலேயே இருப்பது பெரும்பாலும் நல்லது.

அப்படிப் பழைய பள்ளியிலேயே தங்குவதாக இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளை அந்தப் பள்ளியில் ஓராண்டு முடிப்பதற்குள் பெற்றோர் எல்லையை விட்டுப் போய்விட்டால், அந்த ஓராண்டு முடியும்வரை அங்கேயும் வார்சிட்டி போய்விடும். போன வருஷம்தான் வந்து சேர்ந்தவர்கள் தேதியை எண்ணிப் பார்த்துக்கொண்டு வீடு மாறுங்கள்.

ஒரே பள்ளி மாவட்டத்துக்குள் மாறினால் விதி பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். ஃப்ரிஸ்கோ மாதிரி ஒரே மாவட்டத்தில் நிறைய உயர்நிலைப் பள்ளிகள் இருக்கும் ஊரில், ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி எல்லை. தெருவைத் தாண்டி மாறினாலும் மாற்றம்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் தடை வருவது

குடும்பம் மொத்தமாக வந்துவிட்டது, லீஸ் இருக்கிறது, லைசென்ஸ் மாற்றியாகிவிட்டது. இருந்தும் ஒரு வருஷம் தடை போட முடியும். "விளையாட்டு நோக்கத்துக்காகப் பள்ளி மாறினார்" என்று குழு முடிவு செய்தால், பெற்றோர் இருவரும் மாறியிருந்தாலும் குறைந்தது ஓராண்டு வார்சிட்டி இல்லை. புத்தகத்திலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது. இங்கேதான் பழைய பள்ளியின் சொல்லுக்கு எடை கூடுகிறது.

இதற்கு முன் வேறு பள்ளியில் விளையாடிய பிள்ளை புதுப் பள்ளிக்கு வந்தால், முந்தைய விளையாட்டுப் பங்கேற்புப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். கோச்கள் இதை பிஏபிஎஃப் என்பார்கள். எட்டாம் வகுப்பில் விளையாடியதும் கணக்கில் வரும். வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும், தனியார் பள்ளியிலிருந்து வந்தாலும் இது உண்டு. ஒரு பகுதியை நீங்கள் நிரப்புவீர்கள், இன்னொரு பகுதி பழைய பள்ளிக்குப் போகும். அங்கே கேட்பது: பிள்ளையை யாராவது இழுத்தார்களா? கோச்சோடு தகராறு உண்டா? பெற்றோருக்கு அதிருப்தி இருந்ததா? இங்கேயே இருந்திருந்தால் ஆடத் தகுதி இருந்திருக்குமா? போட்டி மாவட்டக் குழுவின் ஒப்புதல் வரும்வரை வார்சிட்டியில் இறக்க மாட்டார்கள்.

அதனால் பழைய கோச்சிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ரெஜிஸ்ட்ராரிடம் ட்ரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போவது நம் ஆட்களின் வழக்கம். கோச் திங்கட்கிழமை வந்து பார்த்தால் பிள்ளை இல்லை, இரண்டு வாரம் கழித்துப் படிவம் வருகிறது. அவர் மனதில் என்ன தோன்றும்? வேலை மாறியது, லேஆஃப் ஆனது, வாடகை கட்ட முடியவில்லை என்ற காரணத்தை அவர் வாயாலேயே சொல்லும்படி முன்னாடியே தெரிவித்துவிடுங்கள். ஹெச்-1பி ஆட்களுக்கு வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம் என்பது பல கோச்களுக்குத் தெரியாது. சொன்னால் புரிந்துகொள்வார்கள். வேலை வழங்கும் கம்பெனியின் கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

விளையாடும் நேரம் குறைவு என்று போன சீசனில் கோச்சுக்கு நீங்கள் எழுதிய நீள மின்னஞ்சல்? அது இப்போது வெளியே வரும். வாட்ஸப்பில் "அந்த ஸ்கூல் டீம் ஸ்ட்ராங், அதான் அங்க போறோம்" என்று எழுதியதும் எங்கெங்கோ சுற்றும். டென்னிஸ் பெற்றோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அகாடமியில் தனிப் பயிற்சி கொடுப்பவரே புதுப் பள்ளியின் கோச்சாக இருக்கலாம், அங்கே கூட ஆடும் பிள்ளைகளும் அதே பள்ளியாக இருக்கலாம். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்து ஆடவிட்டுப் பிறகு தெரிந்தால், பிள்ளை ஆடிய ஆட்டங்களை அணியே இழக்க வேண்டிவரும். அந்தப் பழி ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் விழும்.

நாள் கணக்கும் மதிப்பெண்ணும்

இது சுலபமான பகுதி. பள்ளி ஆண்டின் முதல் ஆறு வகுப்பு நாட்களுக்குள் சேராதவர்கள், சேர்ந்து 15 நாட்காட்டி நாட்கள் ஆன பிறகுதான் வார்சிட்டியில் ஆடலாம். சனி, ஞாயிறும் எண்ணிக்கையில் சேரும். வீட்டு விஷயம் சரியாக இருந்தாலும் இந்த 15 நாள் உண்டு. மாவட்டப் போட்டி எந்தத் தேதி என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சேருங்கள். வயது, செப்டம்பர் 1 அன்று 19 ஆகியிருக்கக் கூடாது.

பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆட்டம் கிடையாது. 1984-இல் வந்த சட்டம் இது. மூன்று வாரம் கழித்து எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால் திரும்ப வரலாம். பள்ளி மாறினால் மதிப்பெண்ணும் கூடவே வரும். புது இடத்தில் புதுக் கணக்கு என்று எதுவும் இல்லை. ஏபி போன்ற சில மேல்நிலைப் பாடங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் எவற்றுக்கு என்பதில் பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். பழைய பள்ளியில் விலக்குப் பெற்ற ஆனர்ஸ் பாடம் புதுப் பள்ளியிலும் விலக்குப் பெறும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கவுன்சிலரிடம் கேளுங்கள்.

தகுதி இல்லை என்று வந்துவிட்டால்

ஜேவி என்ற இரண்டாம்நிலை அணியில் ஆடலாம், வார்சிட்டியோடு பயிற்சியும் எடுக்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு இது கசக்கும், ஆனாலும் ஓராண்டு சும்மா இருப்பதைவிட மேல். குடியிருப்பு விதியால் வந்த தடை என்றால் யூஐஎல்லில் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். நம் கையில் இல்லாத, தவிர்க்க முடியாத சூழ்நிலையை ஆவணத்தோடு காட்ட வேண்டும். "இந்தப் பள்ளிதான் பிடித்திருக்கிறது" என்பது அதில் வராது. விளையாட்டு நோக்கம் என்று மாவட்டக் குழு தீர்ப்புச் சொல்லிவிட்டால், வழி வேறு: மாநிலச் செயற்குழுவுக்கு மேல்முறையீடு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான விண்ணப்பத்தில் நேரத்தை விடாதீர்கள். எதையும் புதுப் பள்ளி வழியாகவே செய்யுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி: இந்த வீட்டு விதி விளையாட்டுக்குத்தான். 10 நிமிடத்தில் 80 மனக்கணக்குப் போடும் நம்பர் சென்ஸ் போட்டியும் யூஐஎல்தான் நடத்துகிறது, அதற்கு பிஏபிஎஃப் கிடையாது. நம் பிள்ளைகள் பாதிப் பேர் இரண்டிலும் இருக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் இருக்கும் உங்கள் தங்கையிடம் கேட்டுவிட்டு வந்து இங்கே வாதாட வேண்டாம். அங்கே நடத்துவது சிஐஎஃப், விதி வேறு. முதல் முறை மாறுகிறவர்கள் வீடு மாறாவிட்டாலும் சீசனின் ஒரு பகுதி வெளியே இருந்துவிட்டு ஆடலாம். பொய்த் தகவல் கொடுத்தால் 24 மாதம்வரை தடை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு அமைப்பு, ஒரு புத்தகம். டெக்சாஸிலேயே தனியார் பள்ளிகளுக்கான டாப்ஸ் என்ற அமைப்பு வேறு விதி வைத்திருக்கிறது.

கடைசியாக, ஜனவரியில் மாறுகிறவர்களுக்கு. தனிநபர் டென்னிஸ், தடகளம் இரண்டும் வசந்தகால சீசன் என்பதால் இந்த நேரத்தில் மாறுவது புத்திசாலித்தனம்தான். ஆனால் படிவத்தில் பழைய பள்ளி கையெழுத்துப் போட வேண்டும், கிறிஸ்துமஸ் விடுமுறையில் அங்கே ஆள் இருக்காது. வெளிமாநிலப் பள்ளிக்கு இந்தப் படிவம் என்னவென்றே தெரியாது, அதனால் இன்னும் தாமதமாகும். டிசம்பர் தொடக்கத்திலேயே பழைய பள்ளியின் அத்லெடிக் டைரக்டரிடம் இப்படி ஒன்று வரும் என்று சொல்லி, அவருடைய மின்னஞ்சலை வாங்கிப் புதுப் பள்ளியிடம் கொடுத்துவிடுங்கள்.