தையல் கடையில் எடுத்த ஒன்பது நிமிடப் படம்: முதல் குறும்படம் இயக்கப் போகிறவர்களுக்கு

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடம், புராஜெக்ட்டுக்காக நான் இயக்கிய குறும்படத்துக்கு மொத்தச் செலவு 11,500 ரூபாய். ஒன்பது பேர், இரண்டு நாள் ஷூட்டிங், அப்புறம் ஒரு அரை நாள் பேட்ச் ஒர்க், அதாவது விட்டுப்போன ஷாட்களைப் பிறகு போய் எடுப்பது. காசு பத்தாது என்றுதான் மாதக்கணக்கில் பயந்தோம். காசு கடைசிவரை இருந்தது. தீர்ந்துபோனது வெளிச்சம், அதற்கும் முன்னால் கூட இருந்தவர்களின் பொறுமை. இந்த இரண்டையும் எதில் செலவழிப்பது என்ற கணக்குதான் சின்னப் படத்தில் டைரக்டரின் வேலையில் பாதி. நான் கோட்டை விட்ட இடங்களையும் சேர்த்தே வரிசையாகச் சொல்கிறேன்.

1. கையில் இருப்பதை வைத்துக் கதை

முதலில் எழுதியது ஒரு போலீஸ் கதை. ஜீப் வேண்டும், காக்கி வேண்டும், ராத்திரியில் காலியான ரோடு வேண்டும். மூன்றுக்கும் வழியில்லை. பிறகு ஒரு பேப்பரில், சும்மா கிடைக்கக்கூடியவற்றை எழுதினேன். மதுரை செல்லூரில் மாமா வைத்திருக்கும் தையல் கடை. அவருடைய பழைய மிதி மெஷின். எதிர்வீட்டில் ஏழாவது படிக்கும் பையன். மே மாத லீவு. கதை அந்தப் பேப்பரிலேயே இருந்தது: பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைக்கிற டெய்லரின் மகன், போன வருடப் பேண்ட்டின் மடிப்பைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டு போகிறான். அவ்வளவுதான்.

ஆசை என்னவோ புது மண்டபத்தில் எடுப்பது. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய கல் மண்டபம். சிலைத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த இடம். அனுமதி, கூட்டம், சத்தம் மூன்றையும் யோசித்துவிட்டு மாமா கடைக்கே திரும்பினேன். இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அங்கே போயிருந்தால் தூண்களைத்தான் எடுத்திருப்பேன், பையனை எடுத்திருக்க மாட்டேன்.

2. பக்கத்தை எண்ணாமல் நேரத்தை எண்ணுங்கள்

ஸ்கிரிப்ட்டில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்பார்கள். முறையான ஃபார்மெட்டில், வசனமும் செயலும் கலந்து எழுதினால் ஏறக்குறைய சரியாக வரும். என் ஸ்கிரிப்ட் எட்டு பக்கம், முதல் கட் (முதல் முறை எடிட் செய்து ஓட்டிய படம்) பதின்மூன்று நிமிடம் வந்தது. காரணம் சின்னது. "மாமா காஜா எடுக்கிறார்" (பட்டன் துளைக்கு நூல் கட்டுகிறார்) என்பது பேப்பரில் ஒரு வரி, கேமரா முன்னால் நாற்பது நொடி. ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு, முழுப்படத்தையும் நீங்களே நடந்து, உட்கார்ந்து, பேசிப் பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

3. லொக்கேஷனைக் காதாலும் பாருங்கள்

எல்லோரும் லொக்கேஷனுக்குப் போய் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நானும் அதையே செய்தேன், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷூட்டிங் வைத்தது வியாழன், வெள்ளி. கடைக்கு இரண்டு கடை தள்ளி வெல்டிங் பட்டறை இருப்பதும், அது காலை பத்து மணிக்குத் திறக்கும் என்பதும் வியாழக்கிழமை பத்து மணிக்குத்தான் தெரிந்தது.

அதனால் ஷூட் செய்யப் போகும் அதே கிழமை, அதே நேரம் போங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜ், காக்கா, பக்கத்து வீட்டு டிவி எல்லாவற்றையும் எழுதுங்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து எத்தனை மணிவரை உள்ளே வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கடை கிழக்குப் பார்த்தது, நல்ல வெளிச்சம் பத்தரையோடு சரி.

தெருவில் ட்ரைபாட் வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்த ஏரியா காவல் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். ரயில்வே ஸ்டேஷனில் அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

4. ஷாட் பிரிப்பது

இதில்தான் நேரம் போடவேண்டும். ஒவ்வொரு சீனுக்கும் முதலில் ஒரு கேள்வி: இதில் பார்க்கிறவர் எதைப் பார்க்காவிட்டால் கதை புரியாது? அந்த ஷாட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

என் படத்தில் அந்த நட்சத்திரம், பேண்ட்டின் கீழ்ப்பகுதி. மடிப்பைப் பிரித்து இறக்கினால், வெளுத்துப்போன துணிக்குக் கீழே, இத்தனை நாள் மடிப்புக்குள் இருந்ததால் வெளுக்காத ஒரு பட்டை அடர்நீலமாகத் தெரியும். இரண்டு விரல் அகலம். பையனுக்கு அப்பா புதுசு தைக்கவில்லை என்பதை அந்தப் பட்டை ஒன்றே சொல்லிவிடும். நான் என்ன செய்தேன்? அதைச் சொல்ல ஐந்து வரி வசனம் எழுதினேன். ஷாட் லிஸ்ட்டில் அந்த க்ளோஸ், அதாவது பட்டையை மட்டும் பக்கத்தில் போய் எடுக்கும் ஷாட், முப்பத்தெட்டாவதாகக் கிடந்தது. போட்ட ஷாட் 42, இரண்டு நாளில் எடுத்தது 31. முப்பத்தெட்டு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு பேர் எதிரெதிரே பேசும் சீனில், ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம்தான் இருக்கவேண்டும். தாண்டினால், கட் செய்யும்போது இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போல இருக்கும். லைன் கிராஸ் என்பது இதுதான். நாங்கள் கட்டிங் டேபிளின் விளிம்பில் ஒரு மஞ்சள் டேப் ஒட்டிவிட்டோம். அதைத் தாண்டிக் கேமராவைத் தூக்குகிறவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும்.

ஒரு ஷாட்டுக்கு இருபது நிமிடம் என்று கணக்குப் போடுங்கள். புதுசாகச் சேர்ந்த டீமுக்கு அதற்குக் கீழே வராது.

5. பட்ஜெட்

கேமராவும் இரண்டு லென்ஸும் இரண்டு நாள் வாடகை 4,000. ஆடியோ ரெக்கார்டர், காலர் மைக் 1,200. சாப்பாடு, டீ 3,600. பெட்ரோல், ஆட்டோ 900. தெர்மாகோல், டேப், கிளிப் 350. பேட்ச் ஒர்க்குக்கு 1,450. சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். சம்பளம் இல்லாமல் வந்திருக்கிறவர்களுக்கு மதியம் இரண்டரை மணிக்கு ஆறிப்போன லெமன் சாதம் கொடுத்தால், மூன்று மணி ஷாட்டில் அது தெரியும்.

விளக்கு வாடகைக்கு எடுக்கவில்லை. வாசல் வெளிச்சத்தை வெள்ளைத் தெர்மாகோலில் வாங்கி முகத்தில் திருப்பினோம். வெளிச்சம் மென்மையாக, பரவலாக விழும்.

6. கேமராவில் தொடக்கூடாதது

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. அதனால் ஷட்டரை 1/50 நொடியில் வையுங்கள், ஃபிரேம் ரேட் நொடிக்கு 25. 1/60 வைத்தால் சில விளக்குகளில் திரை முழுக்கக் கோடு ஓடும், எடிட்டில் போகாது. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், ஷாட்டுக்கு நடுவிலேயே முகத்தின் நிறம் மாறும். போனில் எடுப்பவர்கள் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டு எடுக்கவேண்டும்.

7. "நடிங்க" என்று சொல்லாமல் நடிக்க வைப்பது

மாமாவுக்கு நடிப்பு தெரியாது. வேலை தெரியும். ரிகர்சலில் அப்படியே வீட்டில் பேசுவது போலப் பேசினார். ஷூட்டிங்கில் நான் "ஆக்‌ஷன்" என்றதும் முதுகு நிமிர்ந்துவிட்டது, குரல் ரேடியோ நாடகம் ஆகிவிட்டது. ஆறு டேக். ஏழாவதுக்கு முன்னால் அவரே கேட்டார்:

"மாப்ள, இந்தச் சட்டைக்கு அஞ்சு காஜா பாக்கி இருக்கு. இதை முடிச்சுட்டு வந்து நடிக்கட்டுமா?"

"முடிங்க மாமா," என்று சொல்லிவிட்டு, கேமராமேனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போதே பையன் வந்து வசனத்தைக் கேட்டான். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். படத்தில் இருப்பது அந்த டேக். அதற்குப் பிறகு ஷூட்டிங் முடியும்வரை "ஆக்‌ஷன்" என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. "சரி மாமா" என்றால் ரோலிங் என்று அர்த்தம்.

புதியவர்களுக்குக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். உணர்ச்சியைச் சொல்லிக் கேட்காதீர்கள், "சோகமாப் பாருங்க" என்றால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். "நூல் கோத்துக்கிட்டே சொல்லுங்க" என்றால் போதும். இன்னொன்று: முழு சீனையும் தள்ளி நின்று வைடாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டை முதலில் எடுத்துவிட்டு க்ளோஸுக்குப் போவதுதான் வழக்கம். நடிக்காதவர்களை வைத்து எடுக்கும்போது நான் க்ளோஸை முதலில் எடுப்பேன். அவர்களுடைய நல்ல டேக் இரண்டாவதோ மூன்றாவதோதான், அதை வைடில் வீணாக்கக்கூடாது.

சின்னப் பையன்களை வைத்து எடுத்தால், வீட்டில் ஒருவர் கூடவே இருக்கட்டும். சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

8. சவுண்ட்

படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்த்துவிடுவார்கள். வசனம் கேட்காவிட்டால் ஒரு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். கேமராவில் இருக்கும் மைக்கை நம்பாதீர்கள். காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டைக்குள் மெடிக்கல் டேப் போட்டு ஒட்டினால் துணி உரசாது. ரெக்கார்டர் மீட்டரில் குரலின் லெவல் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். கிளாப் போர்டு இல்லையென்றால் கேமரா முன்னால் ஒரு கைதட்டு. எடிட்டில் அந்தத் தட்டை வைத்துத்தான் படத்தையும் ஒலியையும் சேர்ப்பீர்கள்.

எங்களுக்குப் பெரிய தலைவலி தையல் மெஷின். ஓடினால் வசனம் கேட்காது, நின்றால் டெய்லர் கடை மாதிரியே இல்லை. வழி சொன்னது மாமாதான். பெல்ட்டைக் கழற்றிவிட்டார். மிதியில் கால் ஆடும், உடம்பும் ஆடும், மேலே வீல் சுற்றாது. ஃபிரேம் இடுப்புக்கு மேலே, வீல் வெளியே. அப்புறம் பெல்ட்டை மாட்டி, வெறும் மெஷின் சத்தத்தை மட்டும் மூன்று நிமிடம் தனியாக ரெக்கார்ட் செய்து அடியில் போட்டோம். ஒவ்வொரு லொக்கேஷனிலும் கிளம்பும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் அமைதியையும் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டையை அடைக்க அதுதான் பஞ்சு.

சத்தத்துக்காக ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். சாவியைத் தேடும்போது திரும்பப் போடுவது நினைவுக்கு வரும்.

9. கார்டு

4கே, நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 750 எம்பி. 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 80 நிமிடம். மதியம் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை, இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மெட் செய்யவேண்டும். இந்த வேலை ஒரே ஆளுடையது. "அவன் எடுத்திருப்பான்னு நெனச்சேன்" என்ற பேச்சே வரக்கூடாது.

10. பேட்ச் ஒர்க்

எடிட்டில் உட்கார்ந்த மூன்றாவது நாள்தான் அந்தப் பேண்ட் க்ளோஸ் இல்லை என்பதே உறைத்தது. இரண்டு வாரம் கழித்துக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், மாமா பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தலையைத் தடவிக்கொண்டே, "வேண்டுதல்ப்பா, உன் படத்துக்கும் சேர்த்துத்தான்" என்றார்.

அதனால் கைகளை மட்டும் எடுத்தோம். பிளேடால் மடிப்பைப் பிரிக்கும் கை, பழைய நூலை ஊதிவிடுவது, இஸ்திரிப் பெட்டி பட்டையின் மேல் போவது. முகமே இல்லாத அந்த மூன்று ஷாட்தான் படத்தில் எல்லோரும் பேசுகிற இடம். ஐந்து வரி வசனத்தையும் தூக்கிவிட்டேன்.

கன்டினியூட்டிக்கு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறிவிடாமல் பார்க்க, ஒரு ஆளைப் போட்டு, ஒவ்வொரு கட்டுக்குப் பிறகும் போனில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் படத்தில் மாமா கழுத்து இஞ்ச் டேப் ஒரு ஷாட்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது, அதற்கடுத்ததில் திரும்ப வந்துவிடும்.

11. எடிட்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பே போதும். போனில் எடுத்த கிளிப்புகளில் ஃபிரேம் ரேட் ஏறி இறங்குவதால் ஒலி மெல்ல மெல்ல விலகும்; முதலிலேயே நிலையான 25க்கு மாற்றிக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டை அடியில் போடாதீர்கள், விழாக்களுக்கு அனுப்பும்போது உரிமைக் கடிதம் கேட்பார்கள். முதல் கட் முடிந்ததும் இரண்டு நாள் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு முதல் சீனை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எனக்கு முதல் சீன் தேவையே இல்லாமல் இருந்தது.

12. அன்றைக்கு ராத்திரியே நோட்டில்

ஷூட்டிங் முடிந்த இரவு, தூங்குவதற்கு முன் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் எல்லாமே நன்றாக நடந்ததுபோலத் தோன்றும். என் நோட்டில் இருந்து: "முதல் ஷாட்டுக்கு ரெண்டு மணி நேரம். கடை போர்டு அழகா இருந்துச்சுன்னு ட்ராலி மாதிரி நகர்த்தினோம். கதைக்கு வேண்டாம்." "சாப்பாட்டுக்கு அப்புறம் 6 ஷாட், எதுவும் சரியில்ல." "சவுண்ட் பாத்தவனை எல்லார் முன்னாடியும் கத்துனேன். பேட்டரி செத்தது அவன் தப்பில்ல, ஸ்பேர் வாங்கச் சொல்லாதது நான்." மறுநாள் காலை மன்னிப்புக் கேட்டேன். வேலையை ஒழுங்காகச் செய்தான். ஆனால் முதல் நாள் போல, "டேய், இந்த இடத்துல இப்படி வச்சா என்னடா" என்று தானாக வந்து எதுவும் சொல்லவில்லை. அந்த நஷ்டம் பட்ஜெட்டில் வராது.

படத்தை முதலில் மாமாவுக்குத்தான் போட்டுக் காட்டினேன், கடையிலேயே, லேப்டாப்பில். ஒன்பது நிமிடமும் அசையாமல் பார்த்தார். முடிந்ததும் பின்னால் ஓட்டச் சொல்லி, பேண்ட் க்ளோஸில் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"தையல் ஒரு நூல் வெளிய போயிருக்கு பாரு மாப்ள. இதை மறுபடி எடுக்க முடியுமா?"