மழைக்குப் பிறகு கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?

தெளிந்த கிணற்று நீரிலும் கிருமி இருக்கும், கண்ணை நம்பாதீர்கள். நீர் கலங்கியிருந்தால் முதலில் இறைத்துவிட்டு ஊறவிடுங்கள், சேறு பவுடரிலுள்ள குளோரினைத் தின்றுவிடும்.

விட்டம் × விட்டம் × நீராழம் (எல்லாம் மீட்டரில்) × 785 = லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் சுமார் 24 கிராம்.

பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர்விட்டுக் குழைத்து, வாளி முக்கால் நிறையும் வரை நீர் சேர்த்துக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிடுங்கள். மேல்நீரை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் முக்கி, மேலும் கீழும் அலசுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு உள்ளே போனால் நீர் கடினமாகிவிடும்; பருப்பு வேகாது. ஒரு மணி நேரம் கழித்தே இறைக்கவும். நெடியே இல்லாத பழைய பவுடர் வீண்.

செப்டிக் டேங்க் 15 மீட்டருக்குள் இருந்தால், இது தற்காலிக மருந்துதான்.