காணாமல்போன மூதாதையை ஏழைச் சட்டப் பதிவுகளில் தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் வம்சாவளியைத் தேடிக்கொண்டே போனால், ஏதாவது ஒரு தலைமுறையில் யாராவது மறைந்துவிடுவார்கள். 1851 சென்சஸில் கணவன், குழந்தைகளோடு இருந்த பெண் 1861-இல் எங்குமே இருக்க மாட்டார். இறப்புப் பதிவும் கிடைக்காது. ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினரும், இங்கே பிரிட்டனில் சம்பந்தம் செய்த தமிழ்க் குடும்பத்தினரும் இப்படி ஓரிடத்தில் முட்டி நின்று என்னிடம் கேட்பதுண்டு. நான் சொல்வது ஒன்றுதான்: அவர் வறுமையில் விழுந்திருக்கலாம், ஏழைச் சட்டப் பதிவுகளை, அதாவது சட்டப்படி ஏழைகளுக்கு உதவிய அதிகாரிகள் எழுதிவைத்த ஆவணங்களைப் பாருங்கள்.

ஏழையைப் பற்றி யார் எழுதிவைத்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். ஓரளவு வசதியாக வாழ்ந்த கடைக்காரரைவிட, உதவி கேட்டுப்போன கூலித் தொழிலாளியைப் பற்றித்தான் பல சமயம் அதிகம் எழுதியிருப்பார்கள். காரணம் பணம். ஒருவருக்குச் சோறு போட்டால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று முடிவுசெய்யவே அதிகாரிகள் துருவித் துருவி விசாரித்தார்கள். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் ‘இவருக்கு யார் செலவு செய்திருப்பார்கள்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் எங்கே போகிறதோ அங்கேதான் காகிதமும் இருக்கும்.

படி 1: காலம், ஊர்

1834-தான் எல்லைக்கோடு. அதற்கு முன்பு, 1601-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு பாரிஷும் (ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர்ப்பகுதி) தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொண்டது. 1834 சட்டம் பல பாரிஷ்களைச் சேர்த்து ‘யூனியன்’ ஆக்கியது. ஒவ்வொரு யூனியனையும் கார்டியன்கள் என்ற குழு நடத்தியது. ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் வொர்க்ஹவுஸ் அவர்கள் பொறுப்பு. 1930-இல்தான் இந்தக் குழுக்கள் ஒழிந்தன. எனவே உங்கள் மூதாதை கடைசியாக இருந்த பாரிஷ் எந்த யூனியனில் இருந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். யூனியன் எல்லை கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) எல்லையைத் தாண்டியும் போகும், ஆவணங்கள் பக்கத்துக் கவுண்டியில் இருக்கலாம்.

படி 2: சென்சஸை இன்னொரு முறை

1841 முதல் 1921 வரையிலான சென்சஸில் வொர்க்ஹவுஸ்களைத் தனியாகக் கணக்கெடுத்திருப்பார்கள். 1851 முதல், உறவுமுறை எழுதும் இடத்தில் ‘இன்மேட்’ (உள்ளே தங்கியிருப்பவர்) அல்லது ‘பாப்பர்’ (உதவி பெறும் ஏழை) என்று இருக்கும். சில இடங்களில் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். அங்கே பெயர் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. வயது, பிறந்த ஊர் இரண்டையும் வைத்துத் தேடுங்கள்.

படி 3: சேர்க்கை, வெளியேற்றப் பதிவேடு

இதுதான் முக்கியமான புதையல். யார் உத்தரவில் சேர்ந்தார், எதனால் உதவி கேட்டார், எந்தப் பாரிஷ் பொறுப்பு, எப்படி வெளியே போனார் என்று ஒரே வரியில் இருக்கும். சேர்ந்த பிறகு முதலில் எந்த வேளைச் சாப்பாடு என்பதைக்கூடக் குறித்தார்கள், அதுவும் செலவுதானே.

சார்லி சாப்ளினின் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1898 ஜூலையில் தாய் ஹன்னாவும் இரண்டு மகன்களும் லண்டன் லாம்பெத் வொர்க்ஹவுஸில் சேர்ந்தார்கள். பையன்களை நார்வுட்டில் இருந்த பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்டில் ஹன்னா தானும் வெளியேறி, பிள்ளைகளையும் வெளியே எடுத்தார். கென்னிங்டன் பூங்காவில் பகலைச் சேர்ந்து கழித்துவிட்டு, அன்றே திரும்பவும் உள்ளே போனார்கள். செப்டம்பரில் ஹன்னா கேன் ஹில் மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். சில மாதங்களுக்குள் மூன்று நிறுவனங்கள். ஒரு வெளியேற்றத் தேதியைப் பார்த்ததும் ‘சரி, போய்விட்டார்’ என்று மூடிவிடாதீர்கள். அதே நாளின் சேர்க்கைப் பக்கத்தையும், யூனியன் நடத்திய பள்ளி, மருத்துவமனைப் பதிவேடுகளையும் புரட்டுங்கள்.

இந்தப் பதிவேடுகள் தேதிவரிசையில் இருக்கும். அட்டவணை இல்லாவிட்டால் கண் வலிக்கும். அப்போது 1869-க்குப் பிறகு வந்த மதப் பதிவேட்டை, அதாவது சேர்ந்தவர்களின் மதத்தைக் குறித்துவைத்த புத்தகத்தைக் கேளுங்கள். அது பெயரின் முதலெழுத்து வரிசையில் இருப்பதால் சீக்கிரம் தேடலாம், சில சமயம் நெருங்கிய உறவினர் பெயரும் கிடைக்கும். லண்டன் பதிவேடுகள் பெரும்பாலும் ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி இணையதளத்தில் உள்ளன.

படி 4: உள்ளே போகாதவர்கள்

உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் வொர்க்ஹவுஸுக்குள் போகவே இல்லை. வீட்டிலிருந்தபடியே சில ஷில்லிங்கோ ரொட்டியோ வாங்கினார்கள். இவர்களை உதவி விண்ணப்பப் புத்தகங்களிலும் கார்டியன்களின் கூட்டக் குறிப்புகளிலும் தேட வேண்டும். மனைவியை விட்டு ஓடிய கணவனைத் துரத்திப் பணம் கேட்ட விவரம் இந்தக் குறிப்புகளில் வரும். ஓடிப்போன தாத்தாக்களை இப்படித்தான் பிடிக்க முடியும்.

படி 5: 1834-க்கு முன்னால் என்றால்

எனக்கு மிகவும் பிடித்த ஆவணங்கள் இங்கேதான். 1662-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, ஒருவருக்குப் பொறுப்பான பாரிஷ் எது என்பதை ‘செட்டில்மென்ட்’ என்றார்கள். பிறந்த இடம், தொழில் பழகிய இடம், முழுதாக ஒரு வருடம் வேலை செய்த இடம், வருடம் 10 பவுண்டு வாடகை கொடுத்த இடம், இவற்றில் ஏதாவது ஒன்று அதைத் தீர்மானிக்கும். மனைவிக்குக் கணவனுடையதே. செலவைத் தவிர்க்க 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்த பண்ணைக்காரர்கள் இருந்தார்கள்.

உதவி கேட்டவரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திப் பதிவுசெய்த வாக்குமூலம் ஒரு சிறு வாழ்க்கை வரலாறு. எங்கே பிறந்தார், யாரிடம் எவ்வளவு கூலிக்கு இருந்தார், எங்கே கல்யாணம், எத்தனை குழந்தைகள், எல்லாம் இருக்கும். கூடவே வெளியேற்ற உத்தரவைத் தேடுங்கள். குடும்பம் எந்த ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது என்று அது சொல்லும். அடுத்து அந்த ஊர்ப் பதிவுகளில் தேடுங்கள். திருமணமாகாத பெண் கர்ப்பமானால், பிள்ளையின் செலவு பாரிஷ் தலையில் விழாமலிருக்கத் தந்தையின் பெயரைக் கேட்டுப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். ஞானஸ்நானப் பதிவில் இல்லாத தகப்பன் பெயர் அதில் கிடைக்கலாம்.

படி 6: மறைத்து எழுதிய முகவரி

1904 முதல் வொர்க்ஹவுஸில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் வொர்க்ஹவுஸ் என்று எழுதாமல் ஒரு தெரு முகவரியைப் போட்டார்கள். லிவர்பூலுக்கு ‘144ஏ பிரவுன்லோ ஹில்’. அறியாத முகவரி வந்தால் அந்த ஊர் வொர்க்ஹவுஸ் எந்தத் தெருவில் இருந்தது என்று பாருங்கள். உள்ளே இறந்தவரின் அடக்கப் பதிவு கிடைக்கவில்லையென்றால் 1832 உடற்கூறியல் சட்டத்தை நினைவில் வையுங்கள். யாரும் கேட்டு வராத உடல்கள் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போயின. அடக்கம் வாரக்கணக்கில் தாமதமாக, வேறோர் இடத்தில் நடந்திருக்கும்.

ஆவணங்களைக் கேட்பது

யூனியன் பதிவேடுகள் பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்ஹெச் 12 என்ற தொகுதி உண்டு. யூனியன்களுக்கும் லண்டன் அதிகாரிகளுக்கும் 1834 முதல் 1900 வரை நடந்த கடிதப் போக்குவரத்து அது. கிளாஸ்கோ வழியாக வந்த குடும்பம் என்றால் அங்குள்ள மிட்செல் நூலகத்தின் உதவி விண்ணப்பங்களைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் சட்டமே வேறு, விவரமும் அதிகம்.

காப்பகத்துக்கு எழுதும்போது யூனியன் பெயர், வருட வரம்பு, பதிவேட்டின் வகை, பெயரின் எல்லா எழுத்து மாற்றங்கள், தோராய வயது ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். தனிநபர் விவரம் உள்ள பதிவேடுகள் பல இடங்களில் 100 ஆண்டுகள் மூடியிருக்கும், அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.