மருத்துவ மாநாடுகளையும் புதிய ஆய்வுகளையும் சமூக ஊடகங்களில் பரப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ மாநாட்டு மேடையில் ஓர் ஆய்வாளர் தமது முடிவை அறிவிக்கும்போது, அதன் எல்லைகளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். எத்தனை பேரிடம் ஆய்வு நடந்தது, அவர்கள் எத்தகைய நோயாளிகள், எவ்வளவு காலம் கண்காணிக்கப்பட்டார்கள், எதனுடன் எது ஒப்பிடப்பட்டது, பக்கவிளைவு எத்தனை பேருக்கு வந்தது என்பவை எல்லாம் அடுத்தடுத்த ஸ்லைடுகளில் வந்துவிடும். அரங்கில் இருப்பவர்கள் அதே துறையினர் என்பதால், சொல்லாமல் விட்டதையும் அவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். அந்த முடிவு ஒரே ஒரு சமூக ஊடகப் பதிவாகச் சுருங்கி வெளியே வரும்போது எல்லைகள் அரங்கிலேயே தங்கிவிடுகின்றன. முடிவு மட்டும் ஊரெல்லாம் போகிறது. அதைப் படிப்பவர்களில் அதே நோயுடன் போராடிக்கொண்டிருப்பவரும் இருப்பார், அவருக்காகத் தூங்காமல் தேடிக்கொண்டிருக்கும் அவருடைய மகளும் இருப்பார். மாநாட்டுக் குழுக்களும், மருத்துவ இதழ்களின் ஊடகப் பிரிவினரும், தமது ஆய்வைத் தாமே பகிரும் மருத்துவர்களும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, முடிவையும் எல்லையையும் பிரித்துவிடும் இந்த ஓரிடத்திலிருந்தே தொடங்குகின்றன.

சதவீதத்தை மட்டும் சொல்வது

எல்லாவற்றிலும் அதிகமாகக் காணப்படுவதும், என் பார்வையில் அதிகக் கேடு செய்வதும் இந்தத் தவறுதான். 2003இல் லான்செட் இதழில் வெளியான ஆஸ்காட் ஆய்வை எடுத்துக்கொள்வோம். உயர் ரத்த அழுத்தத்துடன் வேறு சில ஆபத்துக் காரணிகளும் இருந்த 10,305 பேரில் ஒரு பாதியினருக்கு கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரையும், மறுபாதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்பட்டன. ஏறத்தாழ 3.3 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மாரடைப்போ இதயநோய் மரணமோ ஏற்பட்டவர்கள் போலி மாத்திரைக் குழுவில் 3.0 சதவீதம், மருந்துக் குழுவில் 1.9 சதவீதம். இதை ஒரு பதிவாக எழுதச் சொன்னால் பலரும் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: "மாரடைப்பு அபாயத்தை 36% குறைக்கிறது அட்டோர்வாஸ்டேட்டின்!" கணக்கில் பிழை இல்லை. ஆனால் படிப்பவர், மாத்திரை சாப்பிடும் நூறு பேரில் முப்பத்தாறு பேர் காப்பாற்றப்படுகிறார்கள் என்றே புரிந்துகொள்வார். உண்மையில் அந்தக் காலத்துக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் காப்பாற்றப்பட்டார்.

அதே பதிவை வேறு விதமாக எழுதலாம்: "உயர் ரத்த அழுத்தமும் பிற ஆபத்துக் காரணிகளும் உள்ள 10,305 பேர், ஏறத்தாழ 3.3 ஆண்டுகள். மாரடைப்பு அல்லது இதயநோய் மரணம்: போலி மாத்திரையில் நூற்றுக்கு 3.0 பேர், அட்டோர்வாஸ்டேட்டினில் நூற்றுக்கு 1.9 பேர்." இது முந்தையதைவிடச் சில சொற்களே நீளம். மருந்து பயனுள்ளது என்ற செய்தியும் இதில் குறையவில்லை. யாருக்கு, எவ்வளவு, எத்தனை காலத்தில் என்ற மூன்றும் கூடவே செல்கின்றன. இதைப் படிக்கும் நோயாளி தமது மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வியையும் சரியாகக் கேட்க முடியும்.

தீமையைச் சொல்லும்போதும் இதே விதிதான். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்த உறைவு அபாயத்தை இரு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. இரு மடங்கு என்றால் என்ன? ஏறத்தாழ ஏழாயிரம் பெண்களில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது இருவருக்கு வரும் என்பதே. அந்த அடிப்படை எண் மக்களைப் போய்ச் சேராததால் ஏராளமான பெண்கள் பீதியில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டது. கர்ப்பமே ரத்த உறைவு அபாயத்தை உயர்த்தக்கூடியது என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்த விடுபட்ட எண்ணின் விலை புரியும். இவ்வளவும் சமூக ஊடகம் பிறப்பதற்கு முன் நடந்தது.

இதில் இன்னொரு நுட்பமான வடிவமும் உண்டு. நன்மையை "36% குறைவு" என்று ஒப்பீட்டுக் கணக்கில் சொல்லிவிட்டு, பக்கவிளைவை மட்டும் "நூற்றில் ஒருவருக்கே" என்று நேரடிக் கணக்கில் சொல்வது. இரண்டையும் ஒரே அளவுகோலில் சொல்லாத பதிவை விளம்பரம் என்றுதான் சொல்லவேண்டும். அதற்கு அறிவியல் என்ற பெயர் பொருந்தாது.

எலியையும் ரத்தப் பரிசோதனையையும் மனிதர் கணக்கில் எழுதுவது

2019இல் ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற ஆய்வாளர் ட்விட்டரில் ஒரு கணக்கைத் தொடங்கினார். "புதிய மருந்து மறதி நோயைத் தடுக்கிறது" என்பது போன்ற செய்திகளைப் பகிர்ந்து, "எலிகளில்" என்ற ஒரே சொல்லை மேலே சேர்ப்பதுதான் அதன் வேலை. அந்த ஒரு சொல்லுக்காகவே பல்லாயிரம் பேர் அதைப் பின்தொடர்ந்தார்கள் என்றால், எத்தனை தலைப்புகளில் அது காணாமல் போயிருந்தது என்பதை ஊகிக்கலாம். ஆய்வு எலியில் நடந்ததா, செல்களில் நடந்ததா, மனிதரில் நடந்ததா என்பது பதிவின் முதல் வரியிலேயே இருக்கவேண்டும். இணைப்பைத் திறந்து நான்காம் பத்தி வரை படிப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

மனிதரில் நடந்த ஆய்வு என்றாலும், அளக்கப்பட்டது எது என்று பார்க்கவேண்டும். டார்செட்ரபிப் என்ற மருந்து, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் அளவை 72 சதவீதம் உயர்த்தியது. கெட்ட கொழுப்பை 25 சதவீதம் குறைத்தது. அந்த இரு எண்களை மட்டும் வைத்து எவ்வளவு கவர்ச்சியான படப்பதிவு செய்யலாம் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் 15,067 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் மருந்து எடுத்தவர்களிடையே மரணங்கள் அதிகமாக இருந்ததால் 2006 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. ரத்தத்தில் ஓர் எண் மாறியது என்பதும் நோயாளி நன்றாக வாழ்ந்தார் என்பதும் வெவ்வேறு செய்திகள். முதலாவது மட்டுமே கையில் இருக்கும்போது இரண்டாவதைப் போலத் தொனிக்கும்படி எழுதக்கூடாது.

முதன்மை இலக்கில், அதாவது எதைக் கண்டறியவென்றே ஆய்வு தொடங்கப்பட்டதோ அதில் தோற்ற ஆய்வை, நோயாளிகளின் ஏதோ ஓர் உட்பிரிவில் கிடைத்த வெற்றியை முன்னிறுத்திப் பரப்புவதும் இதே வகைதான். 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு, மாரடைப்புக்கு ஆஸ்பிரின் பயன்படுவதை 17,187 நோயாளிகளிடம் காட்டியது. உட்பிரிவுகளை நம்பினால் என்ன ஆகும் என்று எச்சரிப்பதற்காக, அதன் ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்தும் காட்டினார்கள்: மிதுன, துலா ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுத் தீமை செய்வதாகவே அந்தக் கணக்கு வந்தது! போதுமான அளவு பிரித்துக்கொண்டே போனால் எந்த ஆய்விலும் ஏதேனும் ஒரு "வெற்றி" அகப்படும். முதன்மை இலக்கில் வெற்றி காணாத 72 ஆய்வுகளை ஆராய்ந்து 2010இல் ஜாமா இதழில் வெளியான ஒரு கட்டுரை, அவற்றில் 42 ஆய்வுகளின் கட்டுரைச் சுருக்கத்தில் முடிவுப் பகுதி சாதகமாகத் திரிக்கப்பட்டிருந்ததைக் கண்டது. ஆகவே சுருக்கத்தின் கடைசி இரண்டு வரிகளை நகலெடுத்து ஒட்டுவது பாதுகாப்பான வழி அல்ல. பதிவு எழுதுபவர் முடிவுகளின் அட்டவணை வரை போயே ஆகவேண்டும்.

மிகைப்படுத்தினால்தான் கவனம் கிடைக்கும் என்று ஊடகப் பிரிவில் இருப்பவர்கள் வாதிடுவதுண்டு. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014இல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வு இதற்கு எதிரான சான்றைத் தருகிறது. செய்தித்தாள்களில் காணப்பட்ட மிகைப்படுத்தலில் பெரும்பகுதி செய்திக்குறிப்பிலேயே இருந்தது. ஆனால் மிகைப்படுத்திய குறிப்புகளுக்குக் கூடுதல் செய்தி வாய்ப்பு கிடைத்ததற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

மாநாட்டுச் சுருக்கத்தை முடிந்த ஆய்வாக அறிவிப்பது

மாநாட்டில் வாசிக்கப்படுவது பெரும்பாலும் முழுக் கட்டுரையாக இன்னும் வெளிவராத ஒன்று. 425 ஆய்வுகளைத் தொகுத்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாநாட்டுச் சுருக்கங்களை உள்ளடக்கி, 2018இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) அறிக்கையின்படி அவற்றில் 37.3 சதவீதமே பின்னர் முழுக் கட்டுரைகளாயின. அதாவது ஆய்வுகளைச் சுவரொட்டிகளாகக் காட்டும் போஸ்டர் அரங்கில் நாம் படமெடுத்துப் பகிரும் மூன்று சுருக்கங்களில் ஏறத்தாழ இரண்டு அந்த வடிவத்திலேயே நின்றுவிடக்கூடும். "நிரூபித்தது", "திருப்புமுனை", "சிகிச்சை முறையை மாற்றும்" என்ற சொற்கள் இங்கே பொருந்தா. "மாநாட்டில் முன்வைக்கப்பட்ட ஆரம்ப முடிவு, சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வு இன்னும் முடியவில்லை" என்ற ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும்.

மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் ஏற்றப்படும் கட்டுரைகளுக்கும் இது பொருந்தும். அத்தகைய கட்டுரைகளுக்கென 2019இல் தொடங்கப்பட்ட மெட்ஆர்க்கைவ் தளம், அவற்றைச் சிகிச்சைக்கு வழிகாட்டியாகக் கொள்ளவேண்டாம் என்று தானே எச்சரிக்கிறது. தளம் எழுதிவைத்திருக்கும் எச்சரிக்கையைப் பகிர்பவர் வெட்டியெறிவது எப்படி நியாயமாகும்? கோவிட் காலத்தில் ஐவர்மெக்டின் பெரும் பயன் தருவதாகச் சொன்ன ஒரு மதிப்பாய்வு பெறாத கட்டுரை உலகெங்கும் பகிரப்பட்டது. அதன் தரவுகள் குறித்துக் கேள்விகள் எழுந்து 2021 ஜூலையில் அது விலக்கப்படுவதற்குள் பலரும் அதை நம்பி மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எம்பார்கோ எனப்படும் வெளியீட்டுத் தடைக்காலத்தை மீறுவது தனித் தவறு. இதழும் மாநாடும் குறித்த நேரத்துக்கு முன் ஒரு நிமிடம்கூட முந்தக்கூடாது. அந்த நேரம் எந்த நாட்டு நேரம் என்று உறுதிசெய்துகொண்டு பதிவை முன்கூட்டியே அட்டவணையிட்டு வைப்பது நல்லது.

படங்கள்

மேடையில் ஓடும் ஸ்லைடைப் படமெடுத்துப் பகிரலாமா என்பதற்கு எல்லா மாநாடுகளுக்கும் பொதுவான விதி இல்லை. 2017இல் சான் டியாகோவில் நடந்த அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் மாநாட்டில் ஸ்லைடு படங்களுக்குத் தடை இருந்தது. படங்களைப் பகிர்ந்தவர்களிடம் அவற்றை நீக்குமாறு சங்கத்தின் ட்விட்டர் கணக்கு கேட்டுக்கொண்டது பெரும் விவாதமானது. இரு தரப்பையும் சங்கடத்தில் ஆழ்த்தும் இந்த நிலையைத் தவிர்ப்பது எளிது: அனுமதி உண்டா இல்லையா என்பதை அழைப்பிதழிலும், பதிவுப் படிவத்திலும், ஒவ்வோர் உரையின் முதல் ஸ்லைடிலும் மாநாட்டுக் குழு எழுதிவிடவேண்டும்.

நோயாளிகளின் படங்கள் இதைவிடப் பாரதூரமானவை. ஸ்கேன் படத்தின் மூலையில் பெயரும் தேதியும் சிறு எழுத்தில் இருக்கும். அரங்கின் பின்வரிசையிலிருந்து அது தெரியாது, கைபேசியில் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும். முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. அரிய நோய், வயது, மருத்துவமனை இருக்கும் நகரம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே உறவினர்களும் அண்டை வீட்டாரும் அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். பாடம் நடத்துவதற்கென நோயாளி தந்த ஒப்புதல் சமூக ஊடகத்துக்கான ஒப்புதல் ஆகாது. அதைத் தனியாக, எழுத்தில், இணையத்தில் ஏறிய படத்தை முழுமையாகத் திரும்பப் பெற முடியாது என்பதை விளக்கிச் சொல்லிப் பெறவேண்டும்.

பணம் யாருடையது

ஆய்வுக்கு நிதி தந்த நிறுவனத்தின் பெயரும், பேச்சாளருக்கு அந்த நிறுவனத்துடன் உள்ள தொடர்பும் பதிவிலேயே இருக்கவேண்டும். முதல் ஸ்லைடில் மூன்று விநாடி காட்டிய அறிவிப்பு போதாது. பணம் பெற்றுப் பகிர்பவர் மருத்துவராக இருந்தாலும் திரை நட்சத்திரமாக இருந்தாலும் மருந்தின் அபாயத்தை மறைக்கக் கூடாது. கர்ப்பகால வாந்திக்கான ஒரு மருந்தைப் பற்றி 2015இல் கிம் கர்தாஷியன் இன்ஸ்டாகிராமில் இட்ட பதிவில் அபாயத் தகவல் இல்லை என்பதற்காக, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த மருந்து நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. முழுத் தகவலுக்கு இணைப்பைத் தந்திருந்தது அங்கே போதுமானதாகக் கொள்ளப்படவில்லை.

மாநாட்டு அறிவிப்புகளில் நேரும் சில்லறைத் தவறுகள்

பெயர்ச்சுருக்கத்தை மட்டும் ஹேஷ்டேக் ஆக்குவது முதல் தவறு. ஏசிசி என்ற எழுத்துகள் அமெரிக்க இதயவியல் கல்லூரியையும் குறிக்கும், அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு ஒன்றையும் குறிக்கும். ஆண்டையோ துறையையோ சேர்க்காவிட்டால் உரைகள் கூடைப்பந்துச் செய்திகளுக்குள் தொலைந்துபோகும். ஆண்டுதோறும் ஒரே வடிவத்தைக் கடைப்பிடிப்பதும், இணையவழி அமர்வின் நேரத்துடன் அது எந்த நாட்டு நேரம் என்பதைக் குறிப்பதும், அழைப்பை வெறும் படமாகப் போடாமல் பார்வையற்றோரின் திரைவாசிப்பான் படிக்கும்படி எழுத்திலும் தருவதும் சிரமமான வேலைகள் அல்ல. குத்துவிளக்கேற்றும் படமும் பொன்னாடை போர்த்தும் படமும் இருபது வந்து, ஆய்வு பற்றிய பதிவு ஒன்றுகூட வராத மாநாட்டுக் கணக்கை மருத்துவர்கள் அடுத்த ஆண்டு பின்தொடர மாட்டார்கள்.

விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை வெற்றியாகக் கொள்வது இவற்றில் சற்றுப் பெரிய தவறு. சர்க்குலேஷன் என்ற இதயவியல் இதழ் தனது 243 கட்டுரைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை மட்டும் சமூக ஊடகங்களில் பகிர்ந்து பார்த்தது. 30 நாளில் கட்டுரைப் பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2015இல் அறிவித்தது. அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி என்ற அறுவைச் சிகிச்சை இதழின் 44 கட்டுரைகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், கட்டுரையின் சாரத்தை ஒரே படத்தில் தரும் படச் சுருக்கத்துடன் இட்ட பதிவுகள் தலைப்பு மட்டும் உள்ள பதிவுகளைவிட எட்டு மடங்குக்கு மேல் பகிரப்பட்டன. கட்டுரைப் பக்கத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ மூன்று மடங்குதான். பகிர்ந்தவர்களில் பலர் கட்டுரையைத் திறக்கவில்லை என்றே இதிலிருந்து நான் கொள்கிறேன். எனவே கட்டுரையில் உள்ள எச்சரிக்கை படத்துக்குள்ளேயே, படிக்கக்கூடிய எழுத்தளவில் இருந்தாக வேண்டும்.

பகிர்ந்த பிறகு மறந்துவிடுவது

2020 மே 22 அன்று, 96,032 கோவிட் நோயாளிகளின் தரவு என்று சொல்லி ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றிய கட்டுரை ஒன்றை லான்செட் வெளியிட்டது. தரவின் நம்பகத்தன்மையை உறுதிசெய்ய முடியாததால் ஜூன் 4 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் அதைப் பகிர்ந்தவர்கள் செய்தது குற்றமல்ல. மதிப்புமிக்க இதழில் வந்ததைத்தான் பகிர்ந்தார்கள். திரும்பப் பெற்ற செய்தி வந்த பிறகும் பழைய பதிவை அப்படியே விட்டுவைப்பதுதான் தவறு. சத்தமில்லாமல் நீக்கிவிடுவதும் போதாது. ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் படமாகப் போய்விட்ட பதிவு நீக்குவதால் மறையாது, திருத்தத்தைத் தேடி வருபவருக்கும் எதுவும் கிடைக்காமல் போகும். பழைய பதிவின் கீழேயே திருத்தத்தை எழுதி, அதைத் தனிப் பதிவாகவும் இட்டு, சில நாட்களுக்குக் கணக்கின் உச்சியில் பொருத்தி வைக்கவேண்டும்.

மாநாட்டுக் குழுக்கள் இதற்கென ஒருவரை நியமிப்பது அவசியம். நிறைவு விழா முடிந்ததும் குழு கலைந்துவிடும், கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதுகூட அடுத்த ஆண்டு வரை தெரியாது என்ற நிலைதான் பல இடங்களில் இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து விளம்பரப்படுத்திய ஆய்வுச் சுருக்கங்களின் பட்டியலை அவர் கையில் வைத்திருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவை ஒவ்வொன்றும் கட்டுரையாக வந்ததா, எண்கள் மாறினவா, கைவிடப்பட்டதா என்று பார்த்து, பழைய பதிவின் கீழ் ஒரு வரி சேர்த்தால் போதும்.