ஜாம்பி காக்டெய்ல்: விருந்தாளிகள் மட்டையாகாமல் இருக்க

ஹாலோவீன் பார்ட்டி என்று முடிவானதும் கூட்டத்தில் யாராவது ஒருவர் "ஜாம்பி போடலாமா?" என்று கேட்டுவிடுவார். பெயரும் பொருத்தம், நிறமும் பொருத்தம். நாமும் சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டில் இருக்கிற பாட்டில்களை எல்லாம் ஒரு ஜக்கில் கவிழ்த்து, மேலே பைனாப்பிள் ஜூஸை ஊற்றி, சிவப்பாக ஏதாவது சிரப் விட்டுக் கலக்குவோம். என் முதல் ஜாம்பி அப்படித்தான் இருந்தது. இருமல் மருந்தில் ரம் விட்ட மாதிரி ஒரு ருசி. இரண்டு பேர் சோபாவிலேயே மட்டை.

இந்தத் தவறுக்கு நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜாம்பியைக் கண்டுபிடித்தவர் டான் பீச். அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்த கையோடு ஹாலிவுட்டில் 'டான் தி பீச்கோம்பர்' என்ற பாரை நடத்தியவர். 1934-இல் இந்தக் காக்டெய்லை அறிமுகப்படுத்தினார். செய்முறையை யாரும் திருடிவிடக் கூடாது என்று பாட்டில்களில் 'டான்ஸ் மிக்ஸ்', 'ஸ்பைசஸ் நம்பர் 4' என்று சங்கேதப் பெயர் ஒட்டிவைத்தார். எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அதை ஊற்றுகிற பார்டெண்டருக்கே தெரியாது. அதனால் மற்ற பார்கள் எல்லாம் குருட்டாம்போக்கில் பைனாப்பிள், ஆப்ரிகாட் பிராந்தி என்று தோன்றியதைச் சேர்த்து 'ஜாம்பி' என்று விற்றார்கள். ஜெஃப் பெர்ரி என்பவர் டானிடம் வேலை பார்த்த ஊழியர் ஒருவரின் பழைய நோட்டைப் பிடித்து, அந்தச் சங்கேதத்தை உடைத்து, 2007-இல்தான் அசல் செய்முறையை வெளியிட்டார். இணையத்தில் கண்ணில் படுகிற பாதிச் செய்முறைகள் அந்தக் குருட்டாம்போக்குக் காலத்து வாரிசுகள். பொருள் பட்டியலில் பைனாப்பிள் ஜூஸ் முதல் வரியில் இருந்தால் அடுத்த செய்முறைக்குப் போய்விடுங்கள்.

அசல் ஒரு கிளாஸுக்கு இதுதான் கணக்கு: போர்ட்டோ ரிக்கோ கோல்டு ரம் 45 மில்லி, ஜமைக்கா டார்க் ரம் 45 மில்லி, 151 புரூஃப் டெமராரா ரம் 30 மில்லி, எலுமிச்சைச் சாறு 22 மில்லி, ஃபலெர்னம் 15 மில்லி, டான்ஸ் மிக்ஸ் 15 மில்லி, கிரனடின் ஒரு டீஸ்பூன், ஆங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்கிற கசப்பு மூலிகை மது ஒரே ஒரு உதறல், பெர்னோ ஆறு துளி. புரியாத பெயர்களைப் பின்னால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இனி போதைக் கணக்கு. 151 புரூஃப் என்றால் 75.5 சதவீத ஆல்கஹால். மூன்று ரம்மையும் கூட்டினால் ஒரு கிளாஸில் சுமார் 60 மில்லி சுத்த ஆல்கஹால் வருகிறது. நம் ஊர் சரக்கு 42.8 சதவீதம். அந்தக் கணக்கில் ஒரு ஜாம்பி என்பது கிட்டத்தட்ட 140 மில்லி. அதாவது குவார்ட்டரில் முக்கால்வாசிக்கும் மேல். குவார்ட்டரை ராவாக அடிப்பவருக்குத் தொண்டை எரிந்து தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். இதில் எரிச்சலே இல்லை. புளிப்பும் இனிப்பும் பட்டை வாசமும் அதை மூடிவிடுகின்றன. பத்தே நிமிடத்தில் கிளாஸ் காலி. "இது ஒண்ணும் ஏறலையே" என்று சொல்லி அடுத்ததைக் கேட்பார்கள். உடம்பு அதைக் கழிக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும்.

ஆக, இதை இன்னும் 'ஸ்ட்ராங்' ஆக்குகிறேன் என்று ஓட்கா, ஜின் சேர்ப்பதற்கு அர்த்தமே இல்லை. 'கலந்து அடித்தால்தான் தூக்கும்' என்ற நம்பிக்கை நம்மிடம் பலமாக இருக்கிறது. தூக்குவது கலப்பு அல்ல, அளவு. எந்தப் பாட்டிலில் இருந்து வந்தாலும் உள்ளே போவது ஒரே ஆல்கஹால்தான். டான் மூன்று ரம் கலந்தது போதைக்காக இல்லை, ருசிக்காக. போர்ட்டோ ரிக்கோ ரம் லேசானது, அடித்தளம் மாதிரி நிற்கும். ஜமைக்கா ரம்மில் பழுத்து அழுகப்போகிற வாழைப்பழ வாசம் ஒன்று இருக்கும், அதுதான் இதற்கு உயிர். கயானா நாட்டு டெமராரா ரம் கருகிய வெல்லப் பாகு மாதிரி கனமானது.

இந்த மூன்றும் கிடைக்காதபோது ஒரே ரம்மை 120 மில்லி ஊற்றிவிடுவது அடுத்த தவறு. ஓல்டு மாங்க் மட்டும் வைத்து ஒருமுறை செய்து பார்த்தேன். வெனிலா வாசம்தான் முன்னால் வந்தது, மற்றதெல்லாம் அதில் அமுங்கிப்போனது. குறைந்தது இரண்டு விதம் வேண்டும். ஒன்று லேசான கோல்டு ரம், இன்னொன்று எப்படியாவது ஜமைக்கா ரம். டெமராரா இடத்தில் ஓல்டு மாங்க் விடலாம். போதை கொஞ்சம் குறையும், அது நல்லதுக்குத்தான். 151-ஐ வெளிநாட்டிலிருந்து வரும் நண்பரிடம் வாங்கி வரச் சொல்லலாமே என்று யோசிப்பவர்களுக்கு: 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கிற பாட்டிலை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெரிய பெட்டியிலும் போட முடியாது. பாவம், அவரை ஏர்போர்ட்டில் மாட்டிவிடாதீர்கள்.

சரி, சரக்கை விடுங்கள். ஜாம்பி பெரும்பாலும் கெட்டுப்போவது சின்னச் சின்னப் பொருட்களில்.

பெர்னோ என்பது சோம்பு வாசம் அடிக்கிற பிரெஞ்சு மது. செய்முறையில் ஆறு துளி என்று இருப்பதைப் பார்த்து, 'ஆறு துளியில் என்ன வந்துவிடப் போகிறது' என்று ஒரு மூடி ஊற்றுகிறவர்கள் உண்டு. ரசத்தில் பெருங்காயம் மாதிரிதான் இது. இருப்பது தெரியக் கூடாது, இல்லாவிட்டால் தெரிய வேண்டும். மூடி கணக்கில் ஊற்றினால் ஓட்டல் வாசலில் வைத்திருக்கிற சோம்புக் கிண்ணத்தைக் கரைத்துக் குடிப்பதுபோல் ஆகிவிடும். குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கிற டிராப்பர் ஒன்றைத் தனியாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பிட்டர்ஸிலும் இதே கவனம் வேண்டும்.

ஃபலெர்னம் பார்படோஸ் தீவின் சிரப். கிராம்பு, இஞ்சி, எலுமிச்சைத் தோல், பாதாம் எல்லாம் சேர்ந்தது. கடையில் கிடைக்காது என்று வீட்டில் செய்யப் போய் நான் பட்ட பாடு தனி. கிராம்பை ரம்மில் ஊறவைக்க ஒரு நாள் போதும். நான் ஞாபகமறதியில் நான்கு நாள் விட்டுவிட்டேன். அதை விட்டுச் செய்த ஜாம்பியில் முதல் மடக்கு குடித்த நண்பர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தைத் தடவினார். "பல் வலிக்கு வைக்கிற பஞ்சு வாசம் வருது, நாக்கு மரத்துப்போச்சு" என்றார். கிராம்புத் தைலத்தின் குணம் அதுதானே. இப்போதெல்லாம் 200 மில்லி ரம்முக்கு முப்பது கிராம்பு, ஒரு இரவு, காலையில் வடிகட்டல். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட விடுவதில்லை.

டான்ஸ் மிக்ஸ் என்ற பெரிய ரகசியம் கடைசியில் பார்த்தால் இரண்டு பங்கு கிரேப்ஃப்ரூட் சாறு, ஒரு பங்கு பட்டை சிரப். அவ்வளவுதான். இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். பட்டைத் தூளைப் போட்டுக் காய்ச்சினால் சிரப் கொழகொழவென்று ஆகி வடிகட்டியில் இறங்காது. முழுப் பட்டையாக உடைத்துப் போடுங்கள். பிரியாணிக்கு வாங்குகிற தடித்த பட்டை காரமாக இறங்கும், இரண்டு மூன்று துண்டு போதும். இலங்கையிலிருந்து வருகிற மெல்லிய சுருள் கறுவா மென்மையானது, கொஞ்சம் தாராளமாகப் போடலாம். இன்னொன்று, கிரேப்ஃப்ரூட் கிடைக்கவில்லை என்று பம்பளிமாஸைப் பிழிவது. இரண்டும் உறவுதான். பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். ஆனால் பம்பளிமாஸில் அந்தக் கசப்பு குறைவு. பிழிந்தே ஆகவேண்டும் என்றால் பட்டை சிரப்பைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

எலுமிச்சையில் நமக்கு அதிர்ஷ்டம். வெளிநாட்டுச் செய்முறைகளில் 'லைம்' என்பது நம் சின்ன எலுமிச்சைதான். மஞ்சளாக நீளமாக இருக்கிற 'லெமன்' இதற்கு வேண்டாம். அன்றன்றைக்குப் பிழிந்ததாக மட்டும் இருக்கட்டும். கிரனடின் என்பது மாதுளைச் சாறும் சர்க்கரையும் சம பங்கு. ரோஸ் மில்க் நிறத்தில் கடையில் விற்பது வெறும் சாயம் போட்ட சர்க்கரைத் தண்ணீர்.

அப்புறம் ஐஸ். பார்ட்டி வைக்கிற யாரும் இதைப் போதுமான அளவு வாங்குவதில்லை. ஜாம்பிக்கு உடைத்த ஐஸ்தான் வேண்டும், அதுவும் கலக்கும்போது ஒரு பங்கு, கிளாஸை நிரப்ப இன்னொரு பங்கு. பத்துப் பேருக்கு எட்டு கிலோவாவது வாங்குங்கள். பழைய துண்டில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் நாலு போடு போட்டால் சரியான பதம் கிடைத்துவிடும். டான் எல்லாவற்றையும் ஐஸோடு பிளெண்டரில் போட்டு ஐந்து வினாடி மட்டும் சுற்றச் சொன்னார். நாம் மிக்ஸியில் சட்னி அரைக்கிற பழக்கத்தில் அரை நிமிடம் விட்டுவிடுகிறோம். கிடைப்பது தண்ணீர் விட்ட கோலா ஐஸ். விப்பர் பட்டனை இரண்டு மூன்று முறை தட்டி எடுத்தால் போதும்.

மொத்தமாகக் கலந்து வைக்கும்போது எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ரம், சாறு, சிரப் பெருக்கலாம். பெர்னோவையும் பிட்டர்ஸையும் பாதியில் ஆரம்பித்து ருசி பார்த்து ஏற்றுங்கள். ஐஸை மொத்தத்தில் போடவே கூடாது, ஒவ்வொரு கிளாஸுக்கும் அப்போதைக்கு அப்போதுதான்.

ஹாலோவீனுக்கென்றே இரண்டு ஆபத்தான ஆசைகள் வரும். ஒன்று, மேலே 151 ரம் விட்டுத் தீ வைப்பது. டானின் செய்முறையில் நெருப்பே கிடையாது, பிற்பாடு யாரோ சேர்த்த வேடிக்கை அது. பக்கார்டி 151 பாட்டிலின் வாயில் தீ உள்ளே போகாமல் தடுக்க உலோக வலை ஒன்றைப் பொருத்தியே விற்றார்கள், 2016-இல் அந்தச் சரக்கையே நிறுத்திவிட்டார்கள். எரிகிற கிளாஸில் பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் விட்டால் தீ பாட்டிலுக்கே தாவும். சுற்றி நிற்பவர்களோ உடம்பெல்லாம் பேண்டேஜ் துணி சுற்றிய மம்மிகள், நைலான் விக் போட்ட சூனியக்காரிகள். இன்னொன்று உலர் ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. புகை அழகாக வரும், ஆனால் அதன் குளிர்ச்சி மைனஸ் 78 டிகிரி. ஒரு துண்டு வாய்க்குள் போனால் ஆஸ்பத்திரிதான். கிளாஸில் போடாமல், காக்டெய்ல் ஜக்கைப் பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, வெளிப் பாத்திரத்து வெந்நீரில் போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கடைசியாகப் பரிமாறும் விதம். கரண்டி போட்டு ஒரு அண்டாவில் வைத்துவிட்டு 'எடுத்துக்கோங்க' என்று சொல்வதுதான் பார்ட்டியைக் கெடுக்கிற பெரிய தவறு. ஜூஸ் என்று நினைத்துக் குழந்தைகூட மொண்டுவிடும். டான் பீச்சே ஒரு ஆளுக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டேன் என்று மெனுவில் போட்டிருந்தார். அது நல்ல விளம்பரமாகவும் ஆனது, வேறு விஷயம். வீட்டில் ஒன்றே தாராளம் என்பேன் நான். எல்லா அளவையும் பாதியாக்கிச் சின்ன கிளாஸில் கொடுத்தால் இரண்டு தரலாம். முதலிலேயே வயிற்றுக்குக் கனமாக ஏதாவது போட்டுவிடுங்கள், வெறும் சிப்ஸ் தாங்காது. ஒன்று குடித்தாலும் வண்டி ஓட்ட முடியாது என்பதால் வரும்போதே சாவிகளை ஒரு டப்பாவில் வாங்கிப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

குடிக்காதவர்களுக்காக ரம் இடத்தில் ஆறவைத்த கடுங்காப்பி நிறத்துக் கட்டன் சாயாவை ஊற்றி, ஃபலெர்னத்துக்குப் பதில் இஞ்சி சிரப் விட்டு, பெர்னோவையும் பிட்டர்ஸையும் தவிர்த்து ஒரு ஜக் தனியாகக் கலந்து, மேலே பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டிவைப்பேன். போன வருடம் மூன்றாவது கிளாஸ் கேட்டு அடம்பிடித்த ஒருவருக்கு அதிலிருந்துதான் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இதுதான்டா சரியான ஸ்ட்ராங்கு" என்றார்.