முதுகுவலி ரேட்டிங்: மேல்முறையீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் படையில் இருந்து முதுகு பழுதானவர்களுக்கு வி.ஏ. (அமெரிக்கப் படைவீரர் நலத்துறை) மேல்முறையீட்டில் உதவி வருகிறேன். முன்பு வந்தவர்கள் இடறிய அதே இடத்தில்தான் புதிதாக வருபவர்களும் இடறுகிறார்கள். கையெழுத்து விட்டுப்போவது போன்றவற்றைச் சரிசெய்துவிடலாம், அவற்றை விடுங்கள்.

பரிசோதனையில் வீரம் காட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. முதுகின் ரேட்டிங், அதாவது உதவித்தொகைக்காக வி.ஏ. தரும் பாதிப்புச் சதவீதம், பெரும்பாலும் நீங்கள் எத்தனை டிகிரி முன்னால் குனிகிறீர்கள் என்பதை வைத்துத்தான். முழுதாகக் குனிந்தால் 90. கீழ்முதுகு 60-ஐத் தாண்டி 85-க்குள் நின்றால் 10 சதவீதம், 30-ஐத் தாண்டி 60-க்குள் என்றால் 20, 30-ஓ அதற்கும் குறைவோ என்றால் 40.

ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு 70 வரை குனிந்தார். வலி கூடும் நாட்களில் எப்படி என்று மருத்துவர் கேட்டதற்கு, "சமாளிச்சுக்குவேன்" என்றார். அந்த நாட்களில் அவருக்குச் சாக்ஸ் மாட்டிவிடுவதே மனைவிதான். ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 10 சதவீதம்தான் கிடைத்தது.

நடிக்கச் சொல்லவில்லை, அது பொய். வலி தொடங்கும் இடத்தில் "இங்கே வலிக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முடியாத இடத்தில் நிறுத்துங்கள். வலி கூடினால் எவ்வளவு குனிய முடிகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது, எந்த வேலை நின்றுபோகிறது என்பதையும் சொல்லுங்கள். பரிசோதனையன்று வலி கூடியிருக்கவில்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மருத்துவர் தட்டிக்கழிக்க முடியாது, உங்கள் வாய்மொழியையும் வைத்து மதிப்பிட முயல வேண்டும் என்று 2017-இல் ஷார்ப் எதிர் ஷல்கின் வழக்கில் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் வாயைத் திறந்தால்தானே அவர் எழுதுவார்?

தவறான வழியில் போவது

அதே மனிதர் அப்புறம் மனைவியின் வாக்குமூலத்தை இணைத்து 'ஹையர் லெவல் ரிவ்யூ' போட்டார். அங்கே புதிய ஆதாரத்தைப் பார்க்கவே மாட்டார்கள். பழைய கோப்பையே இன்னொரு மூத்த அதிகாரி படிப்பார், அவ்வளவுதான். புதிய ஆதாரம் இருந்தால் 'சப்ளிமென்டல் க்ளைம்' போடுங்கள்.

கால் வலியை மறப்பது

முதுகு நரம்பு அழுந்திக் காலில் வலியோ மரமரப்போ இறங்கினால் அதற்குத் தனி ரேட்டிங் உண்டு.

கெடுவைத் தாண்டுவது

முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருடம். அதற்குள் போடாவிட்டால் பழைய தேதியிலிருந்து சேர வேண்டிய நிலுவைத் தொகை பெரும்பாலும் கைவிட்டுப் போய்விடும்.